ஆறு பாயிண்ட் எழுத்தில்

இரவு பதினொன்றே காலுக்குப் பக்கத்தை மூட வேண்டும்.
உக்னியுஸ் அனுப்பிய செய்தியில்
பெயர் இருந்தது, வயது இருந்தது,
இடம் இருந்தது, விதம் இருந்தது.
கடன்தான் காரணம் என்று
பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார்.
தலைப்பு நாற்பத்தெட்டு பாயிண்டில்.

இடத்தை வெட்டினேன். விதத்தை வெட்டினேன்.
காரணத்தில் கை வைத்தபோது
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.
'எந்தக் காட்டில் உண்ணி அதிகமென்று போடுகிறோம்.
இதை மட்டும் மறைக்கிறாய்.'
அது போகாதே என்பது.
இது வழி சொல்வது.
பெரிய எழுத்தில் வந்த வாரங்களை
சுகாதார அலுவலகத்து யுர்கிதா
தன் அட்டவணையில் வேறு நிறத்தில் வைத்திருக்கிறாள்.
காட்டினாள் ஒருமுறை.
அதன்பின் என்னால் தலைப்பை வெறும் தலைப்பாகப் பார்க்க முடியவில்லை.

எங்கள் லிதுவேனிய மொழியில் அந்தச் சொல்லைப் பிரித்தால்
முன்பாதி 'தன்', பின்பாதி 'கொலை'.
வேறு மொழிகளிலும் அப்படித்தானாம்.
போனவரைக் குற்றவாளியாக்கி
வீட்டாரைக் கூண்டில் ஏற்றுகிற சொல்.
'இறந்தார்' என்று மாற்றினேன்.
பத்தியில் ஒரு வரி மிச்சம்.
அதில், ஆறு பாயிண்டில், உதவி எண்.
நானே தட்டினேன்.

நாலாம் நாள் ரிம்கௌதாஸ் என்றொருவர் வந்தார்.
பானெவெஜீஸ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர் கடை,
கடைக்கு மேலேயே வீடு. நகக்கண்ணெல்லாம் கரி.
பத்திரிகையை நாலாய் மடித்து வைத்திருந்தார்.
'இது என் எண்' என்றார்.
எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

'மூன்று இரவில் ஐந்து பேர்.
முதல் ஆளிடம் தப்பான எண் என்றேன்.
வைக்கப் போனார். மூச்சு மட்டும் கேட்டது.
வைக்காதீர்கள் என்றேன்.
அப்புறம் என்ன பேச?
குளிர்கால டயரைப் பற்றிப் பேசினேன்.
இருபது நிமிடம் கேட்டார், பாவம். பிறகு அழுதார்.
சரியான எண்ணைத் தேடிக் கொடுத்தேன்.
அவர்களிடம் பேசிவிட்டேன் என்று சொல்ல
விடியற்காலை மறுபடி கூப்பிட்டார்.'

வழக்கு வருமென்று ஆசிரியர் தாங்குவொலே
ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
நாளைக்கே திருத்தம் போடுகிறோம் என்றேன்.
'போடுங்கள். போட்டாக வேண்டும்.
ஆனால் இன்றிரவு யாராவது கூப்பிட்டால்
நான் என்ன சொல்லக்கூடாது?
வெட்டுகிறவர் நீங்கள்தானே, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.'

என் மேசைக்கு மேலே குத்தியிருந்த
சுகாதார அலுவலகத்துத் தாளைக் கழற்றிக் கொடுத்தேன்.
நின்றபடியே, உதடசைய, வாசித்தார்.
'ஏன் என்று கேட்கலாமா?'
கேட்கலாம்.
பதிலைத் தலைப்பாக்கக் கூடாது, அவ்வளவுதான்.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
நான் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றிரவு உக்னியுஸ் எண்ணைச் சத்தமாக வாசித்தான்,
ஒவ்வோர் இலக்கமாய். விரல் வைத்துச் சரிபார்த்தேன்.
நானே டயல் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.
'ஒன்றுமில்லை, எண் சரிதானா என்று பார்த்தேன்' என்றேன்.
'நீங்கள் நலம்தானே?' என்றாள்.
சட்டென்று பதில் வரவில்லை எனக்கு.

பதினெட்டு பாயிண்டில் போட்டோம்.
இடம் போதவில்லை.
தலைப்பிலிருந்து எடுத்தோம்.