இரண்டாம் கியர்

வாங்கியது அவனை என்று தெரிந்த அன்று
ஊரே சிரித்தது.
ஐந்து ரோட்டில் தட்டுவடை செட்டுக்குக் காத்திருந்த ஒருவர்
என் காதுபடச் சொன்னார்:
‘ஆட்டத்துக்கு நாலு பாயிண்ட். இதுக்கு ஒரு ஒப்பந்தமா?’
நானும் சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது.
எனக்கு இருபத்தொன்று.
நான் கேட்டிருந்தது லூதியானாவிலிருந்து ஓர் ஆறே முக்காலடி.
வந்தது நாகலூரிலிருந்து சேர்வராயன்,
ஆறடி, ஷூவோடு அளந்தால்,
மலைப்பனி இன்னும் காயாத ஜெர்கினில்.

போன சீசனைச் சொல்ல வேண்டும்.
மூன்று குவார்ட்டர் வரை நாங்கள்தான்.
நான்காவதில்
ஏற்காட்டிலிருந்து இறங்கும் லாரி மாதிரி
என் முழங்காலில் பிரேக் கருகும் வாசம்.
எனக்கு மட்டும் அடிக்கிற வாசம் என்று நினைத்திருந்தேன்.
எதிரணிக் கோச்சுகள் மோப்பம் பிடித்துக்கொண்டு
கடைசி ஆறு நிமிடத்துக்காகக் காத்திருந்தார்கள்.
ஐந்து பேர் ஆடினோம்.
பெஞ்சில் ஏழு பேர்
ஒரே துண்டை மடித்து மடித்து வைத்தார்கள்.

முதல் ஆட்டம், இரண்டாவது குவார்ட்டர்,
எட்டு பாயிண்ட் முன்னால் இருக்கிறோம்.
கோச் எத்திராஜ் என்னைப் பார்த்து விரலை வளைத்தார்.
‘உட்கார்.’
பதினோரு வருஷத்தில்
அடிபடாமல் நான் உட்கார்ந்ததில்லை.
சம்பந்தி வீட்டு நாற்காலியில் உட்காருவது போல
நுனியில் உட்கார்ந்தேன்.

அவன் உள்ளே போனான்.
என்ன செய்தான் என்றால் சொல்லத் தெரியவில்லை.
எதிராளி வர நினைத்த இடத்தில்
முன்பே போய் நின்றிருந்தான்.
நெஞ்சில் இடி வாங்கி மல்லாந்தான், விசில் எங்கள் பக்கம்.
அன்வருக்காக ஒரு தூண் மாதிரி நின்றான்;
அன்வர் தூரத்திலிருந்து இரண்டு போட்டான்,
கைதட்டல் அன்வருக்கு.
வெளியே ஓடிய பந்துக்குப் பாய்ந்து
ஸ்கோர் மேஜையில், வள்ளியம்மை மேடத்தின் டீயில் விழுந்து,
பந்தை உள்ளே தட்டிவிட்டு
மன்னிப்பும் கேட்டுவிட்டு ஓடினான்.
தாளில் அவன் பெயருக்கு நேரே
ஒரு ஃபவுல், கொஞ்சம் டீக்கறை.
ஏழு நிமிடம்.
எட்டு, பதிமூன்றாகியிருந்தது.

எனக்கு வேறொன்றும் நடந்தது.
ஆட்டத்தை நான் பக்கவாட்டில் பார்த்ததே இல்லை.
அவர்களுடைய ஏழாம் நம்பர்
இடப்பக்கம் திரும்பும் முன் குதிகாலைத் தூக்குகிறான்.
பதினோரு வருஷமாகத் தூக்கியிருப்பான்.
மூச்சு திரும்பி வந்தது,
கடன் கொடுத்தவன் தானே வந்து வட்டியும் வைத்த மாதிரி.

ஒரு ஞாயிறு அவன் வீட்டு மிளகு மூட்டைகளோடு
வேனில் இறங்கினோம்.
பன்னிரண்டாம் வளைவில்
என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது.
அவன் பார்த்துவிட்டான்.
‘பிரேக்கையே நம்பினா அஞ்சாம் வளைவு வரைக்கும் தாங்காதுண்ணே.
ரெண்டாவது கியர்ல விடணும்.’
வண்டியைப் பற்றித்தான் சொன்னான்.
கீழே சேலம், வெயிலில் பரப்பிய வெள்ளைத் துணியாய்.
நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்னென்னவோ இடம் மாறியது.
முரட்டு ஆளை அவன் பார்த்துக்கொண்டதால்
மெல்வினுக்கு ஃபவுல் குறைந்தது.
மெல்வின் கடைசிவரை நின்றதால்
அன்வர் உயரமானவர்களோடு மல்லுக்கட்டவில்லை.
துண்டு மடித்தவர்களில் மூன்று பேருக்கு
ஷூ தேய ஆரம்பித்தது.
ஒரு கல்லை நகர்த்தினால்
கிணற்றில் எத்தனை ஊற்றுக்கண் திறக்கும் என்று
வெட்டுகிறவனுக்கும் தெரியாது.

அரையிறுதி, கோயம்புத்தூர்.
நான்காவது குவார்ட்டரில் நான் பதினாலு.
பேப்பரில் என் படம்.
படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு முழங்கை,
யாருடையது என்று எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் எத்திராஜ் விரலை வளைக்கும் முன்பே
நான் துண்டை எடுத்துக்கொள்கிறேன்.
நாற்காலியில் முழுசாகச் சாய்கிறேன்.

நேற்று ஐந்து ரோட்டில் அதே ஆள்,
அதே தட்டுவடை, வாய் நிறைய:
‘உங்க மலைக்காரன் இப்போ மூணரைக்கு வந்துட்டானாமே?’

ஆமாம் என்றேன்.
எனக்கு ஒரு செட் சொன்னேன்,
அவனுக்கு ஒன்று, பார்சல்.