நான்காம் கோரிக்கை

பிடி ஒன்று, தலைகள் ஏழு.
காப்புரிமை கேட்பவர்
செந்தூல் இரும்புக்கடை
குணாளன் த/பெ மருதப்பன்.

முதல் மூன்று கோரிக்கைகளை அடித்துவிட்டேன்.
தைவான்காரன் ஒருவன் எண்பத்தேழிலேயே
வரைந்து வைத்திருக்கிறான்,
அதே திருப்புளி, அதே சுரண்டி.

நான்காவதில் பேனா நின்றது.
பிடிக்கும் தலைக்கும் நடுவே
நெல்மணி அளவு சுருள்வில்.
எஸ்.பி.எம். தமிழ்த்தாளில்
நான் மதிப்பெண் விட்ட இடம்:
பகுதி தெரியும், விகுதி தெரியும்,
இடைநிலைதான் தவறிப்போகும்.

மாதிரியைக் கழற்றி மாட்டினேன்.
டிக்.
பக்கத்து மேசை ஃபௌசியா நிமிர்ந்து
"சக்கி லாகி" என்றாள். இன்னொரு தடவை.
டிக்.

பங்சார் முழுக்க நாலு மணி மழை.
அறிக்கையில் எழுதினேன்:
புதுமை உண்டு, இணைப்பில் மட்டும்.

திருப்பி அனுப்ப எண்ணினால்
தலைகள் ஆறு.
மேசைக்கடியில் மண்டியிட்டிருக்கிறேன்.