மூன்று மயிர்க் கனம்

சார்னியாவில் மைனஸ் இருபத்திரண்டு.
பயிற்சிக் கூடத்தில் ஒரு பம்ப், ஒரு மோட்டார்,
கையுறை கழற்றிய ஏழு பேர்.

ஒரு போல்ட்டைத் தளர்த்தினேன்; டயல் முள் துள்ளியது.
"நொண்டிக்கால்!" வாயில் தமிழ்தான் வந்தது.
எல்லோரும் தலையாட்டினார்கள், எப்படியோ.

ஷிம்மைத் தாள் தாளாகச் செருகி
லேசர் திரையில் இரு ஷாஃப்ட்டும் ஒரே கோடானதும்
குர்விந்தர் கைதட்டப் போனான்.

"தப்பு," என்றாள் ஜெனிவீவ்.
"கொதியெண்ணெய் பம்ப் இது.
ஓட ஓடச் சூடேறும், சூட்டில் எழும்பும்.
மோட்டாரை இப்போதே எட்டு தௌ ஏற்றிவை."

எட்டு தௌ என்றால் மூன்று மயிர்க் கனம்.
அந்தக் கோணலுக்காக
நேராக்கியதை மறுபடி அவிழ்த்தோம்.

தேர்வுத்தாள் கேட்டது: இப்போது நேராக இருக்கிறதா?
'இல்லை' என்று குறித்துத் தேறினேன்.

வெளியே,
ஹீட்டர் வயரைச் செருக மறந்த என் கார்
முனகியது, கிளம்பவில்லை.