முதுகுகள்

இருவரையும் எனக்கு முதுகாகத்தான் தெரியும்.
கோல்கீப்பருக்கு அதற்குமேல் காட்டுவதில்லை
தடுப்பாட்டக்காரர்கள்.
நான்காம் எண்: வளவன், வலங்கைமான்.
பன்னிரண்டாம் எண்: நிசார், கூத்தாநல்லூர்.
ஒருவனுக்குப் பத்தொன்பது, மற்றவனுக்கு இருபது நடக்கிறது.
வங்கி அணியில் இருவருக்கும் ஒரே சம்பளம்,
ஒரே அறை, ஒரே கொசுவர்த்தி.

மன்னார்குடிக்கு லீக் அணியின் ஆள் வந்திருந்தார்.
இடம் ஒன்றுதான் என்றார்.
காப்பி ஆறும்வரை குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு
“யார் நல்லா ஆடுறான்னு எனக்கே தெரியுது.
யார் இன்னும் வளருவான்?
பின்னாலேர்ந்து பாக்கறவன் நீ, சொல்லு.”

பயிற்சியாளரைக் கேட்டிருந்தால்
ஒருவன் கரை, ஒருவன் மதகு என்று
அரை நிமிஷத்தில் முடித்திருப்பார்.
எனக்கு அப்படி வராது.
என்மேல் பட்ட பந்துகளை வைத்துத்தான் என் கணக்கு.

வளவன், பெனால்டி கார்னருக்கு முதலில் ஓடுகிறவன்.
எதிராளி மட்டையைத் தாழ்த்தும்போதே
இவன் முழங்கால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.
ஏழு ஆட்டத்தில் அவனைத் தாண்டி வந்தது மூன்று பந்து.
அதில் ஒன்று நடுவர் காலில் பட்டுத் திரும்பியது.
பந்து சிக்கினால் பக்கக்கோட்டுக்கு வெளியே தள்ளுவான்,
எப்போதும் அதே கொடிக்கு நேராக.
நான் இருக்கிறேனா என்று
ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

நிசார், சொந்த வட்டத்துக்குள்ளேயே
இரண்டு பேரை ஏமாற்றப் பார்ப்பான்.
ஒருவன் ஏமாறுவான்.
இரண்டாமவன் என்னிடம் வருவான்.
என் இடது விலாவில் இருக்கிற நீலம்
நிசாரின் கையெழுத்து.
“சாரிண்ணே” என்பான், மூச்சிரைக்கச் சிரித்தபடி.

ஆனால் திருச்சியில், செயற்கைப் புல்லில்,
கடைசி நான்கு நிமிஷத்தில்
தூக்கி அனுப்பினானே ஒரு பந்து.
எல்லார் தலைக்கும் மேலே போய்
யாருமில்லாத மூலையில் இறங்கியது.
வீணாப்போச்சு என்று நான் வாயைத் திறப்பதற்குள்
அங்கே நம் பையன் ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான்.
தான் அங்கேதான் வரப்போகிறோம் என்று
அவனுக்கே அதுவரை தெரிந்திருக்காது.

வெளியே, பாமணி ஆற்றுப் பக்கம்,
குறுவை நெல் தார்ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது.
சம்பா வயல்களில்
நட்ட பயிர் இன்னும் மஞ்சள் தெளியவில்லை.
புரட்டாசியில் வந்து நின்றுகொண்டு
எது நல்ல விளைச்சல் என்று கேட்கிறார் மனிதர்.

இன்னொன்றும் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை.
வளவன் போய்விட்டால் எனக்கு வேலை வரும்.
நிசார் விட்டதையெல்லாம் நான் பாய்ந்து பிடிப்பேன்,
யாராவது ஒரு குறிப்பேட்டில் என் பெயரும் ஏறும்.
நிசார் போய்விட்டால்
வளவனுக்குப் பின்னால் நான்
வெயிலில் நட்டுவைத்த கம்பம்.
எனக்கு இருபத்தொன்பது. என்னைப் பற்றி
அந்த ஆள் ஒன்றும் கேட்கவில்லை.

காப்பியில் ஆடை படர்ந்துவிட்டது.
“நிசார்” என்றேன்.
சொன்ன பிறகு
நேர்மையாகத்தான் சொன்னேனா,
நேர்மையானவன் என்று எனக்கே காட்டிக்கொள்ளச் சொன்னேனா
என்று விலாவைத் தடவிப் பார்த்தேன்.

தை மாதம் டிவியில் நிசாரைக் காட்டினார்கள்.
பந்தைத் தொலைத்து, கோல் விழுந்து,
அவன் சிரிக்காமல் நின்றதை
முதல்முறையாக முகத்தோடு பார்த்தேன்.
அடுத்த ஆட்டத்திலும் அவனைத்தான் இறக்கினார்கள்.

இங்கே இன்றைக்கு
நாற்பது நிமிஷமாக ஒரு பந்தும் வரவில்லை.
கையுறைக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஆட்டம் அந்தக் கோடியில் நடக்கிறது.
நான்காம் எண் மெல்லத் திரும்பி
என்னைப் பார்க்கிறது.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுபடி முதுகு.