இடது பின்சக்கரம்

வின்னமக்காவுக்கு வடக்கே
மழையே அபூர்வம். ஆகவே
வழுக்கிவிட்டது என்று சொல்லித் தப்ப வழியில்லை.
சரளை இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டேன்;
தொட்டேன், மிதிக்கவில்லை.
இடது பின்சக்கரம் மட்டும்
பிடித்தது பார் ஒரு பிடி,
வால் சுழன்று
எச்செபாரே வீட்டு வேலியில் பதினோரு கம்பம்.

ஐம்பத்தேழாம் வருஷத்துச் செவர்லே.
என்னைவிட நாலு வயது மூப்பு.
"வித்துத் தொலை" என்றான் பென்யாட்.
அன்றிலிருந்து நாங்கள்
உப்பை எடு, கதவைச் சாத்து
என்ற அளவில்தான் பேசிக்கொள்கிறோம்.

ஜாக்கி. கட்டை. முன்சக்கரத்துக்கு முட்டு.
டிரம் வரமாட்டேன் என்றது.
விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினேன்,
கடன் கேட்க வந்தவள் கதவு தட்டுவதுபோல்,
அப்புறம், கொடுத்த கடனை வசூலிக்க வந்தவள்போல்.
வந்தது.

உள்ளிருந்த தூசியை ஊதவில்லை.
அந்தக் காலத்து லைனிங், கல்நார்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தேன்.
சின்ன ஷூ முன்னால், பெரிய ஷூ பின்னால்: சரி.
ஸ்பிரிங்குகள்: சரி.
சந்தேகம் வந்தால் எழுந்துபோய்
வலது பக்கத்தைப் பார்த்துக் காப்பியடிக்கலாம்
(இரண்டையும் ஒரே நாளில் கழற்றாதே என்பது அதனால்தான்).
அந்தப் பக்கம் லைனிங் உலர்ந்து கிடந்தது.
இந்தப் பக்கம் கறுத்து, நனைந்து.

"வீல் சிலிண்டர்" என்றார்
உதிரிபாகக் கடை ஓர்வில்,
நான் வாசலைத் தாண்டுமுன்பே.
வாங்கினேன், மாட்டினேன்.
காற்றெடுக்க மட்டும் இன்னொரு கால் வேண்டுமே.
பென்யாட் வந்து சீட்டில் உட்கார்ந்தான்.
மிதி. பிடி. விடு.
மிதி. பிடி. விடு.
அந்த வாரம் அவனிடம் நான் அதிகம் பேசியது அன்றுதான்.

ஒன்பது நாளில் மறுபடி ஈரம்.

அப்போதுதான் விரலால் தொட்டு முகர்ந்தேன்.
முதல் நாளே முகர்ந்திருக்க வேண்டும்.
பிரேக் ஆயில் இப்படி நாறாது.
இது கூழ்முட்டை, கந்தகம், கியர் ஆயில்;
அச்சுக்குள் குடியிருக்க வேண்டியது
வீடு மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆக, சீல்.
டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து
பாகுபோல் வடியவிட்டு,
அச்சை ஒரு விரல் உள்ளே தள்ளி,
குட்டி லாடம் போன்ற கிளிப்பை எடுத்து,
அச்சை உருவி,
பழையதை நெம்பிப் புதியதை அறைந்து,
மூன்றாவது முறையாகப் புது ஷூ.
நூற்றெண்பது மைல் ஓடியது.
மறுபடி கூழ்முட்டை.

வண்டிக்கடியிலேயே படுத்திருந்தேன்.
திட்ட வார்த்தை மிச்சமில்லை,
பாஸ்க்கிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி.
கொட்டகைத் தரை இடப்பக்கம் சாய்வு,
அதனால்தான் இந்தச் சக்கரம் அழுகிறது, புரிகிறது.
ஆனால் புது சீலைத் தாண்டி எப்படி?
உள்ளே ஏதோ
தள்ளுகிறது.
ஓடினால் எண்ணெய் சுடும். சுட்டால் காற்று பெருக்கும்.
பெருத்த காற்று வெளியேற
அச்சின் முதுகில் ஒரு மூச்சுத்துளை இருக்குமே.
தடவிப் பார்த்தேன்.
வழவழவென்று தார்ப்பெயின்ட்.

சாலை உப்பு அரிக்கக் கூடாதென்று
போன அக்டோபரில் ஒரு ஞாயிறு முழுக்க
மல்லாந்து கிடந்து பென்யாட் அடித்த கறுப்பு.
இரண்டு கோட்.
ஓரிடம் விடவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஊக்கால் குத்தினேன்.
புஸ்ஸென்றது, சின்னதாக,
தூக்கத்தில் யாரோ திரும்பிப் படுத்ததுபோல.

இரவு சூப்பு ஊற்றும்போது சொன்னேன்:
"மூச்சுத்துளைல பெயின்ட்."
கரண்டி நின்றது.
"நானா?"
"அழகாத்தான் அடிச்சிருக்கே."
ரொட்டியை என் பக்கம் நகர்த்தினான்.

நாலாவது ஜோடி ஷூ.
நட்சத்திரச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக
டிக், டிக், உரசும்வரை,
பிறகு கொஞ்சம் பின்னுக்கு.
அதே இறக்கம். பக்கத்தில் அவன்,
கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு.
இந்தத் தடவை தொடவில்லை, மிதித்தேன்.
புழுதியில் இரண்டு கோடு, நேராக.
பதினோரு புதுக் கம்பங்களுக்குப் பின்னாலிருந்து
எச்செபாரே கையசைக்கவில்லை,
பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹேண்ட்பிரேக் இன்னும் பிடிக்காது.
கட்டை பின்னால் கிடக்கிறது.