வாசமில்லை

குலசேகரம் தாண்டி
ரப்பர்பால் கம்பெனியில்
அம்மோனியா டேங்கருகே வேலை.
கசிவு காட்டும் மீட்டர்
போன ஐப்பசி மழைக்கே செத்துப்போச்சு.
"மூக்கு இருக்குல்லா?" என்றார் சூப்பர்வைசர்.

முதல் மாசம் கண் எரிந்தது.
ராத்திரி நெஞ்சைப் பிறாண்டியது இருமல்.
"பழகிரும் மக்கா" என்றான் ஏசுவடியான்.
பழகியது.

சித்திரையில் கட்டிலுக்கடியில்
வரிக்கைச் சக்கை பழுத்து
பக்கத்து வீடுவரை மணத்ததாம்.
ஈ மொய்த்த பிறகுதான்
நான் குனிந்து பார்த்தேன்.

அடுப்பில் சாளை கரிந்த அன்று
ஷைனி கத்தின கத்து இருக்கே.
பக்கத்திலேயே உட்கார்ந்து
பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் ரெண்டாவதைப் பெற்று
பத்து நாள் இருக்கும்.
குளிப்பாட்டிக் கையில் தந்தாள்.
உச்சந்தலையில் மூக்கை வைத்தேன்.
சூடு மட்டும் இருந்தது.
வாசம் தேடித் தேடி அழுத்தினதில்
பிள்ளை வீரிட்டது.

நேற்று பரிசோதனைக்கு ஆபீசர் வந்தார்.
கர்சீப்பால் மூக்கைப் பொத்தி
வாசலைத் தாண்டவில்லை.
கண்ணெல்லாம் தண்ணீர்.
"எப்பவுமே இப்படித்தான் அடிக்குமா?"
நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.
பைபிள் மேல் கைவைத்தாலும்
அதையேதான் சொல்லியிருப்போம்:
"ஒண்ணும் அடிக்கல்லியே சார்."

அப்படியே எழுதிக்கொண்டார்.
ஏசுவடியான் இருமி முடிக்கும்வரை
கையெழுத்துக்காக
பேனாவை நீட்டியபடி நின்றார்.