பதினொரு விநாடி

பக்கத்துக்கு நான்கு டாலர்.
காதில் கருவி, காலடியில் மிதிகட்டை;
மிதித்தால் பேசுவார்கள், விட்டால் நிற்பார்கள்.
கமாண்டரானாலும் என் பாதத்துக்குக் கட்டுப்பட்டவர்தான்.

ஹாலிஃபாக்ஸில் பிப்ரவரி.
சாலையில் கொட்டிய உப்பு
காலணியோடு வந்து மேசைக்கடியில் வெள்ளையாய்க் காய்கிறது.
படைநீதிமன்ற ஒலிப்பதிவை மறுபடி எழுத்தாக்க வேண்டும்,
மேல்முறையீட்டுக்காக.
முதல் பிரதியில் பிழை மலிந்திருக்கிறதாம்.

காரெட் பூட்லியர், எந்திர அறை மாலுமி, இருபத்து மூன்று வயது.
குற்றம்: கட்டளை மீறல்.
புகை கசிந்த அறையைத் திறக்கச் சொன்னார்கள்.
முகமூடி ஆறில் நான்கு பழுது,
மீதி இரண்டும் மேல்தளத்தில்.
"கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஐயா.
சுட்டது."
இதை அவன் சொல்வது தண்டனை பேசும்போது.
குற்றத்தை ஒப்புக்கொண்டு அரைமணி ஆகியிருந்தது.

ஒப்புக்கொண்ட இடத்துக்குத் திரும்புகிறேன்.
நீதிபதி கேட்கிறார்:
"யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்,
சொந்த விருப்பத்தில்தானே ஒப்புக்கொள்கிறீர்கள்?"
முதல் பிரதியில் அடுத்த வரி:
"ஆம், ஐயா."
கேள்வியின் வாலைப் பதில் கவ்விக்கொண்டிருக்கிறது.

ஒலிப்பதிவில் அப்படி இல்லை.
கேள்வி முடிகிறது.
நாற்காலி ஒன்று முனகுகிறது.
யாரோ பேனாவின் தலையை அழுத்துகிறார், இருமுறை.
மூச்சு ஒன்று உள்ளே போகிறது; வெளியே வரக் காணோம்.
கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
பதினொன்று.
அப்புறம்தான் அந்த "ஆம்",
பின்னால் வரும் "ஐயா"வைவிட மெலிந்தது.

எங்கள் கையேட்டில் இருமலுக்கு விதி உண்டு,
அழுகைக்கு உண்டு, காதில் விழாத சொல்லுக்கும் உண்டு.
ஒன்றும் சொல்லாதிருப்பதற்கு இல்லை.
"சொன்னதை எழுது," என்றாள் மேலாளர் டெல்ஃபின் கோமோ.
"சொல்லாததற்கு யார் காசு தருவார்?"

மதியம் முழுக்க மிதித்தேன், விட்டேன்.
பிறகு எழுதினேன்: (பதினொரு விநாடி மௌனம்).
அடைப்புக்குறிக்குள்,
பேருந்தில் இரு தடியர்களுக்கு நடுவே
தோளை ஒடுக்கி உட்கார்ந்தவனைப்போல.

மேல்முறையீட்டில் சாட்சிகள் இல்லை.
மூன்று நீதிபதிகள், இரண்டு வக்கீல்கள், நடுவே காகிதம்.
விடுப்பு எடுத்துக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.
அரசுத் தரப்பு சொன்னது:
"மாண்புமிகு நீதிபதிகளே, மௌனம் என்றால் யோசித்திருக்கிறார் என்றுதானே பொருள்?"
வலப்பக்கத்து நீதிபதி, சளி பிடித்த ஒரு பெண்மணி,
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
"எவ்வளவு நேரம் என்று பார்த்துவிடுவோமே."

ரேடியேட்டர் சொடுக்கியது.
துறைமுகத்தில் படகு ஒன்று ஊதி ஓய்ந்தது.
நான்காம் விநாடியில் வக்கீல் டையைத் தொட்டார்.
ஏழில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஒன்பதில் எனக்கே
"ஆம்" என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது,
எதற்கென்று தெரியாமல்.

மே மாதம் தீர்ப்பு: ஒப்புதல் செல்லாது, மறுவிசாரணை.
முப்பத்தெட்டுப் பக்கம்.
என் வரி இருபத்தாறாம் பத்தியில், அடைப்புக்குறி இல்லாமல்.
அவனுடைய நாற்பது நாள் காவல் எப்போதோ முடிந்திருந்தது.
சீருடையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று;
இப்போது கேப் சேபிளுக்கு அப்பால் லாப்ஸ்டர் பிடிக்கிறான்,
அலைபேசி எட்டாத தண்ணீரில்.

வக்கீல் அவனுக்குக் குரல்செய்தி வைத்தாராம்.
"ஜெயித்துவிட்டாய்" என்று சொல்லிவிட்டு
கொஞ்ச நேரம் ஒன்றும் பேச வரவில்லையாம்.
எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.